பட்டியல் முதலில், பெயர்ப்பலகை பிறகு

ஓராண்டு இடைவெளியில் ஏர் இந்தியா இரண்டு பெரிய வேலைநிறுத்தங்களைச் சந்தித்தது. முதலாவது 2011 ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே 6 அன்று முடிந்தது. அதை நடத்தியது பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கமான இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். கோரிக்கை, ஏர் இந்தியா விமானிகளுக்கு இணையான சம்பளம். இரண்டாவது 2012 மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூலை 3 வரை, 58 நாள் நீடித்தது. அதை நடத்தியது பழைய ஏர் இந்தியா விமானிகளின் இந்தியன் பைலட்ஸ் கில்டு. அவர்களின் முதன்மையான கோபம், புதிதாக வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனர் விமானத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி கொடுப்பது பற்றியது. சம்பளத்துக்கான போராட்டம் பத்து நாளில் ஓய்ந்தது. 'யார் முன்னால், யார் பின்னால்' என்பதற்கான போராட்டம் இரண்டு மாதம் இழுத்தது. நிர்வாகத்தின் பிடிவாதம், நீதிமன்ற உத்தரவுகள், வேலைநீக்கங்கள் என்று அந்த இழுபறிக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் இந்த வேறுபாடு தற்செயல் அல்ல. சம்பளத் தகராறைப் பணத்தால் தீர்க்கலாம். வரிசையில் ஒருவர் ஓரிடம் முன்னேறினால் இன்னொருவர் ஓரிடம் பின்தங்கித்தான் ஆக வேண்டும்; அதற்கு ஈடாகக் கொடுக்க நிர்வாகத்தின் கையில் எதுவுமில்லை. ஆகவே இரண்டு விமான நிறுவனங்களை இணைப்பவர்கள் கடைசி வேலையாக ஒத்திப்போடுகிற விமானிகளின் பணிமூப்புப் பட்டியல்தான், உண்மையில் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

விமானிக்குப் பணிமூப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மற்ற தொழில்களில் இருப்பவர்களுக்கு உடனே பிடிபடாது. ஒரு வங்கி மேலாளரோ பொறியாளரோ தன் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், அனுபவத்தைக் காட்டி வேறு இடத்தில் அதே நிலையிலோ மேல்நிலையிலோ சேரலாம். விமானிக்கு உரிமமும் பறந்த மணிக்கணக்கும் கூடவே வரும், பணிமூப்பு வராது. பல நிறுவனங்களில் 15 வருடம் பறந்தவரும் புதிய இடத்தில் பட்டியலின் அடியில்தான் சேர்வார். துணை விமானி எப்போது கமாண்டர் ஆவார், சிறிய விமானத்திலிருந்து கண்டம் தாண்டும் பெரிய விமானத்துக்கு யார் முதலில் மாறுவார், எந்த ஊரைத் தளமாகக் கொள்வார், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே எண்ணைப் பார்த்து முடிவாகின்றன. கமாண்டர் ஆவது நான்கு வருடம் தள்ளிப்போனால் அது நான்கு வருடச் சம்பள வித்தியாசத்தோடு நிற்பதில்லை. ஓய்வு பெறும் நாள் வரை அந்த இடைவெளி ஒட்டிக்கொண்டே வரும்.

1953-இல் விமானப் போக்குவரத்து தேசியமயமானபோது வெளிநாட்டு வழித்தடங்கள் ஏர் இந்தியா இன்டர்நேஷனலுக்கும், உள்நாட்டு வழித்தடங்கள் எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி உருவான இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் போயின. அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் தனித்தனி உலகங்களாக இருந்தன. ஒன்றின் தலைமையகம் மும்பை, மற்றதன் தலைமையகம் டெல்லி. கடைசிக் காலத்தில் ஒன்று பெரும்பாலும் போயிங்கை நம்பியது, மற்றது ஏர்பஸ்ஸை. நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் கமாண்டர் நாற்காலிகளும் குறைவு. உள்நாட்டில் ஒற்றை நடைபாதை விமானங்கள் அதிகம். நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும் அந்த வேலையில் கமாண்டர் இடங்கள் விரைவாகத் திறந்தன. எனவே ஒரே வருடத்தில் இரண்டு நிறுவனங்களிலும் சேர்ந்த இருவரில், இந்தியன் ஏர்லைன்ஸ்காரர் தோளில் நான்காவது பட்டை ஏறியிருக்க, ஏர் இந்தியாக்காரர் இன்னும் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாகவே காத்திருப்பது நடந்தது. மறுபுறம், ஏர் இந்தியாக்காரரின் சம்பளமும் படிகளும் கணக்கிடப்படும் முறை வேறு. அதில் தாங்கள் ஏமாற்றப்படுவதாக இந்தியன் ஏர்லைன்ஸ்காரர் கருதினார். ஒரு தரப்புக்குப் பணத்தில் குறை, மறு தரப்புக்கு வரிசையில் அச்சம். இரண்டுமே பொய்யான குறைகள் அல்ல.

2007 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. ஆகஸ்டில் நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா என்ற பெயரில் ஒரே நிறுவனம் உருவானது. 2010-இல் அது ஏர் இந்தியா லிமிடெட் ஆனது. பெயர், சின்னம், விமானத்தின் வண்ணம் எல்லாம் முதலில் மாறின. பணிமூப்பு, ஊதிய விகிதம், பதவி உயர்வு ஆகியவற்றை ஒன்றுபடுத்த ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டி.எம். தர்மாதிகாரி தலைமையில் குழு அமைந்ததோ 2011-இல், முதல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அறிக்கை வந்தது 2012 ஜனவரியில். அதாவது நிறுவனம் ஒன்றாகி நான்கரை ஆண்டு கழித்துத்தான், அதில் யார் யாருக்கு மூத்தவர் என்ற கேள்விக்கு அதிகாரபூர்வமான விடை தேடுவது ஒரு கட்டத்தை எட்டியது. இந்த நான்கரை ஆண்டில் இரண்டு சங்கங்களும் தத்தம் உறுப்பினர்களுக்கு எந்த விதி வந்தால் எத்தனை இடம் லாபம், எந்த விதி வந்தால் எத்தனை இடம் நட்டம் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தன. அந்த நிலைக்கு வந்த பிறகு நியாயம் பேசுவது யாராலும் இயலாத காரியம். எந்த நியாயத்தைச் சொன்னாலும் சொல்பவரின் வரிசை எண் அதற்குப் பின்னால் எட்டிப்பார்க்கும்.

ட்ரீம்லைனர் விவகாரம் அப்படித்தான் வெடித்தது. அந்த 27 விமானங்களுக்கான உத்தரவு இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியாவுக்காகக் கொடுக்கப்பட்டது. 2008 வாக்கில் வந்திருக்க வேண்டியவை, போயிங்கின் தாமதத்தால் 2012 செப்டம்பரில்தான் வரத் தொடங்கின. 'இந்த விமானங்களை நம்பித்தான் இத்தனை வருடம் துணை விமானியாகக் காத்திருந்தோம். இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் இவை முழுக்க எங்களுடையவை' என்பது கில்டின் வாதத்தின் சாரம். 'நிறுவனம் ஒன்றான பிறகு கடனும் ஒன்று, விமானமும் ஒன்று. நட்டத்தில் பங்கு கொடுத்துவிட்டுப் புது விமானத்தில் பங்கில்லை என்றால் என்ன இணைப்பு?' என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் பயிற்சிக்கு அனுப்ப நிர்வாகம் முடிவெடுத்தது. விமானிகள் உடல்நலம் சரியில்லை என்று விடுப்பு எழுதிக்கொடுத்து ஒதுங்கினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். கில்டின் அங்கீகாரம் ரத்தானது. சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போடுவதில் காட்டிய வேகத்தில் பாதியைப் பட்டியல் போடுவதில் காட்டியிருந்தால் போதும். சம எண்ணிக்கை என்ற விதி கேட்பதற்கு நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அது ஒரு நடுவர் முன் இரு தரப்பையும் கேட்டு வந்த விதியாக இல்லாமல், அந்த நேரத்து நிர்வாக முடிவாக வந்ததுதான் சிக்கல்.

சேர்ந்த தேதியை வைத்து வரிசைப்படுத்திவிட்டால் தீர்ந்தது, இதில் என்ன குழப்பம் என்று கேட்பவர்கள் உண்டு. எளிய ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தில் 300 விமானிகள்; பழைய நிறுவனம், வளர்ச்சி நின்றுவிட்டது. இன்னொன்றில் 100 விமானிகள். புதியது, வேகமாக வளர்கிறது. பழைய நிறுவனத்தின் 240-ஆவது ஆள் 15 வருடம் பணி செய்தும் துணை விமானிதான். புதிய நிறுவனத்தின் 40-ஆவது ஆள் ஐந்து வருடத்தில் கமாண்டர் ஆகிவிட்டார். பழைய நிறுவனத்தார் எல்லோருமே முன்னால் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு, சேர்ந்த தேதிப்படி 400 பேரை அடுக்கினால் முதலாமவர் 240-லேயே இருப்பார். இரண்டாமவர் 340-க்குப் போவார். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கோத்தால் முதலாமவர் 319-க்கு இறங்குவார். இரண்டாமவர் 160-இல் நிற்பார். ஒரே மனிதருக்கு ஒரு விதியில் 160, மறு விதியில் 340. ஆண்டுக்கு 12 பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்றால் இந்த 180 இடம் 15 வருடக் காத்திருப்பு. சேர்ந்த தேதி நடுநிலையான விதி அல்ல; தேங்கிப்போன நிறுவனத்தாருக்குச் சாதகமானது. விகிதமும் நடுநிலையானதல்ல, வளர்ந்த நிறுவனத்தாருக்குச் சாதகமானது. நடுநிலை விதியில் இல்லை, அதைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் நேரத்திலும் இருக்கிறது.

இந்த அனுபவம் நமக்குப் புதிதும் அல்ல. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் உருவானபோது திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரி வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மலபார் கேரளத்துக்குப் போனது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே இரவில் வேறு மாநிலத்தின் ஊழியர்களானார்கள். மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, இவர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை எந்த மாநிலத்திடமும் விடாமல் மத்திய அரசிடம் கொடுத்தது. முறையீடுகளைக் கேட்க ஆலோசனைக் குழுக்களுக்கும் வழி செய்தது. ஒரு பதவியை இன்னொரு பதவியோடு சமப்படுத்த நான்கு அளவுகோல்கள் ஏற்கப்பட்டன: பணியின் தன்மை, பொறுப்பும் அதிகாரமும், குறைந்தபட்சத் தகுதி, சம்பளம். மத்தியப் பிரதேச அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1960-களின் பிற்பகுதியில் இவற்றை ஏற்றது. பட்டியல் இறுதியாகுமுன் பாதிக்கப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. கவனிக்க வேண்டியது இதுதான்: முதலில் பதவிகளைச் சமப்படுத்தினார்கள், பிறகுதான் ஆட்களை அடுக்கினார்கள். வழக்குகள் பிறகும் பல்லாண்டு நடந்தன என்பது உண்மை. ஆனால் எந்த அளவுகோலை வைத்து வழக்காடுவது என்பதாவது தெரிந்திருந்தது. 1956-இல் தெரிந்திருந்தது 2007-இல் மறந்துபோனது விசித்திரம்தான். தனியார், பொதுத்துறை நிறுவனங்களுக்கு அன்று நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு, உரிமை மாறும்போது பணித் தொடர்ச்சி அறுபடக் கூடாது, நிபந்தனைகள் தாழக் கூடாது என்று மட்டுமே பார்த்தது. ஊழியரின் வருடங்களைச் சட்டம் காத்தது; இன்னொரு நிறுவனத்து ஊழியருக்கு எதிரே அந்த வருடங்களின் மதிப்பு என்ன என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

நடுவர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதுதான் வலுவான மறுப்பு. அமெரிக்காவில் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-இல் இணைந்தன. பட்டியலை ஜார்ஜ் நிக்கலாவ் என்ற அனுபவமிக்க நடுவர் 2007 மே மாதம் தீர்மானித்தார். யூஎஸ் ஏர்வேஸ் பழையது, இரண்டு முறை திவாலானது, ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அமெரிக்கா வெஸ்ட் இளையது. பெரிய விமானங்கள் அமெரிக்கா வெஸ்ட்டிடம் இல்லாததால் யூஎஸ் ஏர்வேஸின் மூத்த 517 பேரை நடுவர் தலைமேல் வைத்தார். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருந்தவர்களை அடியில் வைத்தார். மீதியை விகிதப்படி கோத்தார். பதினாறு, பதினேழு வருடம் பறந்த யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள், நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு அருகில் தங்கள் பெயரைக் கண்டார்கள். அவர்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மை. 2008-இல் தங்கள் பழைய சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றி, சேர்ந்த தேதிதான் விதி என்று சொல்லும் புதுச் சங்கத்தை அமைத்தார்கள். வழக்கு மேல் வழக்கு. தீர்ப்பு நடைமுறைக்கு வர வேண்டுமானால் இரு தரப்புக்கும் பொதுவான சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்று இருந்ததால், அந்த ஒப்பந்தமே வராமல் பார்த்துக்கொண்டார்கள். திவால் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்திலேயே பல வருடம் ஓட்டினார்கள். பணத்தைவிட வரிசை பெரிது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைக்காது. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும்வரை ஒரே பெயர்ப்பலகையின்கீழ் இரண்டு விமானிக் கூட்டங்கள் தனித்தனியாகப் பறந்தன.

ஆனால் இந்தத் தோல்வி நடுவர் முறையின் தோல்வியா? அதே நாட்டில், நிக்கலாவின் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் இணைந்தன. அங்கே இணைப்பு முடிவதற்கு முன்பே இரு தரப்பு விமானிகளுக்கும் பொதுவான சம்பள ஒப்பந்தம் தயார். இணைப்பு 2008 அக்டோபர் இறுதியில் நிறைவேறியது. பட்டியல் மீதான நடுவர் குழுவின் தீர்ப்பு டிசம்பரில் வந்துவிட்டது. அங்கும் மனத்தாங்கல் இருந்தது; ஆனால் தீர்ப்பைத் தடுத்துவைக்க யார் கையிலும் நெம்புகோல் இல்லை. யூஎஸ் ஏர்வேஸில் தீர்ப்பு தாமதமாகவும் வந்தது, அதை முடக்கும் வழியும் திறந்தே இருந்தது. அந்த இரண்டு ஓட்டைகளில்தான் அது மூழ்கியது. முன்னதாக 2001-இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பாலோரைப் பட்டியலின் அடியில் ஒட்டவைத்துவிட்டார்கள். அந்தக் கசப்பின் விளைவாக 2007 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: விமான நிறுவனங்கள் இணைந்தால் பட்டியல் நியாயமாகவும் சமமாகவும் இணைக்கப்பட வேண்டும், உடன்பாடு இல்லையேல் கட்டாய நடுவர். எந்த விதி என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சொல்லாததே அதன் பலம்.

விமானிகள் லட்சங்களில் சம்பளம் வாங்குபவர்கள், இவர்கள் வரிசைச் சண்டைக்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. வரிசைக் கவலை சம்பளத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. ஆவடியில், 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது, கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற புது நிறுவனத்துக்கும், உடைத் தொழிற்சாலை வேறொரு நிறுவனத்துக்கும் போயின. அங்கே நடந்தது பிரிப்பு, இணைப்பு அல்ல. இருந்தும் தொழிலாளர்களின் முதல் கேள்வி, மத்திய அரசு ஊழியர் என்ற நிலை என்னாகும் என்பதுதான். அவர்களை அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதுவது என்று தொடக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். பிறகு அதை நீட்டித்துக்கொண்டே போனார்கள். கேள்வியைத் தள்ளிப்போட்டால் அது கரைந்துவிடும் என்ற நம்பிக்கை அரசு அலுவலகங்களில் சாகாவரம் பெற்றது.

பணிமூப்பையே தூக்கி எறிந்துவிட்டுத் திறமைக்கு முன்னுரிமை கொடுக்கலாமே என்ற யோசனைக்குத் தனியே பதில் சொல்ல வேண்டும். விமானியின் திறமை ஆறு மாதத்துக்கொருமுறை சிமுலேட்டரில் சோதிக்கப்படுகிறது. தேறினால் பறக்கலாம், தேறாவிட்டால் இல்லை. தேறியவர்களுக்குள் யார் இன்னும் சிறந்தவர் என்று நிர்வாகம் மதிப்பெண் போடத் தொடங்கினால், எரிபொருளைக் குறைவாக ஏற்றிக்கொண்டவர், வானிலை சரியில்லை என்று புறப்பட மறுக்காதவர், களைப்பாக இருக்கிறேன் என்று சொல்லாதவர் ஆகியோருக்குத்தான் அந்த மதிப்பெண் சாயும். மறுப்பதால் பதவி உயர்வு பாதிக்காது என்ற உறுதியை விமானிக்குத் தருவது அந்த உயிரற்ற வரிசை எண்தான். பணிமூப்பு, ஆட்களை நிறுவனத்தோடு கட்டிப்போடுகிறது, இளையவர்களின் வேகத்தைத் தடுக்கிறது என்ற குறைகள் உண்மையானவை. ஆனால் அதற்குப் பதிலாக வரக்கூடியது இன்னும் மோசமானது.

டாடா குழுமம் 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவை ஏற்றபோது இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் தொடங்கியது. 2023-இல் புது ஊதிய ஒப்பந்தத்தை, ஒரு காலத்தில் எதிரெதிராக நின்ற கில்டும் அசோசியேஷனும் சேர்ந்தே நிராகரித்தன. விஸ்தாரா விமான நிறுவனத்தை ஏர் இந்தியாவோடு இணைப்பது 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2024 நவம்பர் 12 அன்று நிறைவேறியது. இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். விஸ்தாரா விமானிகளின் உறுதியான சம்பளம் 70 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரக் கணக்குக்குக் குறைக்கப்பட்ட ஒப்பந்தம் 2024-இன் தொடக்கத்தில்தான் அவர்கள் கைக்கு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் விமானிகள் பலர் விடுப்பில் போக, விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தினசரி அறிக்கை கேட்டது. அந்தக் கோபத்தில் சம்பளத்தோடு, ஒன்றிணைந்த நிறுவனத்தில் தங்கள் மூப்பு என்னவாகும் என்ற கவலையும் கலந்திருந்தது. ஏர் இந்தியாவில் ஓய்வு வயது 58, விஸ்தாராவில் அதைவிட அதிகம் என்ற வேறுபாடும் சேர்ந்துகொண்டது. ஓய்வு வயது என்பதும் வரிசை நகரும் வேகம்தானே. அதை ஏர் இந்தியா விமானிகளுக்கு 65 ஆக உயர்த்தியது 2025-இல், இணைப்பு முடிந்த பிறகு.

இந்த முறை 58 நாள் வேலைநிறுத்தம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் எளிது: 2023-இல் ஏர் இந்தியா 470 புது விமானங்களுக்கு உத்தரவு கொடுத்திருந்தது. வரிசையின் தலைப்பக்கத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகும் என்று நம்பும்போது யாரும் தன் எண்ணை உற்றுப்பார்ப்பதில்லை. 2012-இல் வரவிருந்தவை 27, அவையும் நான்கு வருடம் தாமதம். இந்த 470-இலும் தாமதம் வரலாம், எரிபொருள் விலை ஏறலாம், சில வழித்தடங்கள் மூடப்படலாம். அப்படி ஒரு வருடத்தில் பட்டியலை எடுத்து வைத்துப் பேச உட்காருவதைவிட, விமானங்கள் வந்துகொண்டிருக்கும் இந்த ஆண்டுகளிலேயே வெளி நடுவர் ஒருவர் முன் அதை முடித்து, குறிப்பிட்ட காலம் வரை எந்தத் தரப்பு எந்த விமானத்துக்கு முன்னுரிமை கொண்டது என்ற வேலியோடு கையெழுத்திடுவது மலிவு. இனி இணையும் நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்க ஒரே ஒரு சட்டப் பிரிவு போதும். இணைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு வருபவர், பங்கு மாற்று விகிதத்தோடு மூப்புப் பட்டியலை இணைக்கும் முறையையும், அதற்கான நடுவரின் பெயரையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். பங்குதாரர்களின் விகிதத்தைக் கடைசிப் புள்ளி வரை முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை இல்லை.